தண்ணீர் அடிக்கிறது, ஆனாலும் சூடாகிறது

கடந்த மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, நண்டு வலை எடுப்பதற்காக மணமேல்குடிப் பக்கத்துக் கரையிலிருந்து புறப்பட்ட எங்கள் ஃபைபர் படகை, கரைக்கு 5 கிலோமீட்டர் கிழக்கே நிறுத்த வேண்டியதாயிற்று. மோட்டார் தானாக நிற்கவில்லை. நான்தான் நிறுத்தச் சொன்னேன். படகு என் தங்கையின் கணவருடையது. அவர் பின்பலகையை ஒட்டி உட்கார்ந்து மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்திருந்தார்; நான் நடுவில் உட்கார்ந்து மிதவைக் கொடியைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. கொதிக்கும் தகட்டில் பெயின்ட் பட்டால் எழுமே, அதைப் போன்ற ஒரு காந்தல் வாடை. சற்று நேரத்தில் மோட்டாரின் சத்தம் கனத்து, மேட்டில் ஏறும் வண்டியைப் போல இழுக்கத் தொடங்கியது.

“மாப்பிள்ளை, வேகத்தைக் குறைங்க, எஞ்சின் காந்துது” என்றேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “தண்ணி நல்லாத்தானே அடிக்குது மச்சான்?” என்றார். உண்மைதான். எஞ்சின் மூடிக்குக் கீழே பின்பக்கம் இருக்கும் சிறு துளையிலிருந்து, பென்சில் கனத்தில், வளையாமல் நீர் பாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் கரையில் ஒரு கேலி உண்டு: ஆள் தண்ணி அடித்தால் வீட்டுக்குக் கேடு, மோட்டார் தண்ணி அடிக்காவிட்டால் தொழிலுக்குக் கேடு. அந்தக் கணக்கின்படி எங்கள் மோட்டார் நலமாக இருந்திருக்க வேண்டும். மூடியைக் கழற்றி, விரலை நனைத்து மேல் சிலிண்டரின் தலைப்பகுதியில் ஒரு துளி தெறித்தேன். சுர்ரென்று ஆவியாகிப் போயிற்று. கீழ்ச் சிலிண்டரில் தெறித்த துளி அப்படியே வழிந்து இறங்கியது. இந்த வேறுபாட்டை அப்போதே நின்று யோசித்திருந்தால் எனக்கு 3 நாள் மிச்சமாகியிருக்கும்.

நான் கடலுக்குத் தினமும் போகிறவன் அல்லன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, கரையில் மோட்டார் பழுது பார்த்துப் பிழைப்பவன். அந்தத் தொழிலைச் செய்கிறவனே இந்த மோட்டாரில் 3 நாள் வழி தவறினான் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். மோட்டார் 9.9 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வகை. எங்கள் பக்கத்து நாட்டுப்படகுகளில் பரவலாகக் காணக்கூடியது.

வெளியே தொங்கும் இந்த மோட்டார்களுக்குக் காரில் இருப்பதைப் போன்ற ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரே குளிர்விக்கும் நீர். ஹோண்டாவின் 2 குதிரைத்திறன் மோட்டாரைப் போலக் காற்றால் குளிரும் மிகச் சிறிய சில வகைகளை விட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றிலும் நடப்பது ஒன்றேதான். கியர் பெட்டியின் இரு பக்கங்களிலும் உள்ள சல்லடைத் துளைகள் வழியாக நீர் உள்ளே போகிறது. கியர் பெட்டிக்கு மேல், எஞ்சினிலிருந்து இறங்கும் தண்டில் கோத்த ரப்பர் இம்பெல்லர் ஒன்று, அதாவது பம்பின் இதழ்ச் சக்கரம், அந்த நீரை உறிஞ்சி, செங்குத்தான ஒரு குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. அந்த நீர் புகைபோகும் பாதையையும் சிலிண்டர்களையும் தலைப்பகுதியையும் சுற்றிவந்து, சூடேறினால் திறந்து நீரை விடும் தெர்மோஸ்டாட் என்ற வால்வைக் கடந்து, புகையோடு கலந்து கீழே இறங்கிக் கடலுக்கே திரும்புகிறது. வழியில் ஓரிடத்தில் பிரித்துவிடப்படும் சிறு கிளைதான் வெளியே பீய்ச்சும் அந்த நீர்.

இந்த ‘வழியில் ஓரிடத்தில்’ என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கிளை எல்லா மோட்டாரிலும் பயணத்தின் முடிவில் பிரிவதில்லை. எங்கள் மோட்டாரைப் போன்ற பலவற்றில் நீர் தலைப்பகுதிக்குப் போய்ச் சேரும் முன்பே பிரிந்துவிடுகிறது. எனவே வெளியே நீர் பாய்கிறது என்றால், பம்ப் வேலை செய்கிறது, குழாய் வழியாக நீர் மேலே ஏறுகிறது என்பது வரைதான் பொருள். அதற்கு மேல், சிலிண்டரின் உச்சிவரை நீர் போய்த் திரும்பியதா என்று அந்தத் துளையால் சொல்ல முடியாது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மழைக்காலத்தில் கொட்டகையில் தூக்கி வைத்த மோட்டாரின் துளைக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். மோட்டார் குளிர்ச்சியாகவே ஓடும், ஆனால் வெளியே ஒரு சொட்டு வராது. அதைப் பார்த்துப் பதறிப் பம்பையே பிரித்துப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முழ நீளமுள்ள, கனத்த தங்கூசி நரம்பை (நைலான் தூண்டில் இழையை) அந்தத் துளைக்குள் விட்டுத் திருகினால் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை அது.

அன்று கடலில் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வேகத்தைக் குறைத்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, மோட்டாரை நிறுத்தினோம். பிறகு மோட்டாரைச் சாய்த்துத் தூக்கிக் கியர் பெட்டியைப் பார்த்தோம். பாக் விரிகுடா ஆழமற்ற கடல். பல இடங்களில் அடியில் தாழை மண்டிக் கிடக்கும். தாழை என்பது கடற்புல்லுக்கு எங்கள் கரையில் வழங்கும் பெயர். ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிற இடமும் இதுதான். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்ததும் இந்தத் தாழையை நம்பித்தான். வாடைக் காற்று அடித்து ஓய்ந்த காலத்தில் பிய்ந்த தாழை இலைகள் நாடா நாடாக மிதக்கும். அவை சல்லடைத் துளைகளில் வந்து ஒட்டிக்கொண்டால் பம்புக்கு நீர் கிடைக்காது. அவற்றைவிட மோசம் பிளாஸ்டிக் பை. ஓடும்போது உறிஞ்சும் விசையால் அது துளையின் மேல் இறுக ஒட்டியிருக்கும். நிறுத்தியதும் தானே விலகி மிதந்து போய்விடும். கரைக்கு வந்து எவ்வளவு தேடினாலும் தடயம் கிடைக்காது.

எங்கள் மோட்டாரின் துளைகளில் நான்கைந்து தாழை இலைகள் சுற்றியிருந்தன. அவற்றைப் பிய்த்தெறிந்தபோது, காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி எனக்கு வந்தது. அந்த நிம்மதி பொய். இலைகள் துளைகளை உண்மையிலேயே அடைத்திருந்தால் வெளியே பாய்ந்த நீரும் மெலிந்திருக்க வேண்டும். அது மெலியவே இல்லை. கண்ணெதிரே ஒரு காரணம் தொங்கும்போது மனம் வேறெதையும் பார்க்க மறுக்கிறது.

அரை மணி நேரம் மூடியைத் திறந்துவைத்து ஆறவிட்டோம். மாப்பிள்ளை ஒரு சட்டி நீரை மொண்டு மேலே ஊற்றக் கையை ஓங்கினார், தடுத்தேன். காந்திப்போன அலுமினியத்தின் மேல் திடீரென்று நீர் பட்டால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கித் தலைப்பகுதி கோணிக்கொள்ளும். பிறகு இரண்டு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தால் கயிறு வராது. பாதி உரசியிருந்தால் ஓரிடத்தில் கரகரப்புத் தட்டும். இரண்டும் இல்லை. பிளக்குகளை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில், ஒன்றரை மணி நேரத்தில் கரை சேர்ந்தோம். எடுக்காத வலை கடலிலேயே கிடந்தது.

எங்கள் பகுதியில் வாரத்தில் 3 நாள் விசைப்படகுகளுக்கு, மற்ற 4 நாள் நாட்டுப்படகுகளுக்கு என்று கடலைப் பங்கிட்டிருக்கிறார்கள். அந்த நான்கில் ஒரு நாள் போனால் அடுத்த நாளுக்கு அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே அன்று மதியமே வேலையைத் தொடங்கினேன். வீட்டு முற்றத்தில், மேல்பக்கம் வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, மோட்டாரை மாட்டி ஓட்டினேன். பத்தே நிமிடத்தில் சூடேறிற்று. ‘ஆக, தாழை காரணமல்ல, பம்ப்தான்’ என்று முடிவுகட்டினேன். அந்த முடிவிலும் ஓட்டை இருந்தது. டிரம்முக்குள் புரொப்பெல்லர் சுழன்று நீரைக் கடைகிறது, புகையும் அதற்குள்ளேயே குமிழியாக வருகிறது. அந்தக் குமிழிகளைப் பம்ப் உறிஞ்சினால் எந்த நல்ல மோட்டாரும் டிரம்மில் சூடாகும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, நீர்மட்டம் பம்புக்கு மேலே ஒரு சாண் நிற்கும்படி வைத்து, குறைந்த வேகத்தில் ஓட்டினால்தான் டிரம் சோதனைக்கு மதிப்பு. இது எனக்குத் தெரியாதது அல்ல. அவசரத்தில் செய்யாமல் விட்டது.

சூடேறுவது எந்த வேகத்தில் என்பதைக் கேட்டுக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள், அதன் உறையின் மையத்திலிருந்து சற்று விலகி அமைந்திருப்பதால், ஒரு பக்கம் மடங்கியும் மறுபக்கம் விரிந்தும் சுழல்கின்றன. குறைந்த வேகத்தில் அவை உறையின் சுவரை உரசிக்கொண்டே நீரைத் தள்ளுகின்றன. வேகம் கூடும்போது எதிர்நீரின் அழுத்தத்தால் இதழ்கள் உள்நோக்கி வளைந்து, சுழற்சியின் விசையாலேயே நீர் வீசப்படுகிறது. ஆகவே தேய்ந்த இம்பெல்லர் முதலில் காலை வாருவது மெதுவாக ஓடும்போதுதான். வேகம் கொடுத்தால் குளிர்ந்துவிடும். மெதுவாக ஓடும்போது சரியாக இருந்து, வேகம் எடுத்தபின் காந்தினால், நீர்ப்பாதையில் எங்கோ நெருக்கடி இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எங்கள் மோட்டார் இரண்டாவது வகை. மாப்பிள்ளையிடம் நான் இதைக் கேட்கவே இல்லை. மறுநாள் அவரே சொன்னார்: “மெதுவா வர்றப்ப ஒண்ணும் இல்ல மச்சான், முறுக்குனாத்தான் காந்துது, ஒரு வாரமாவே அப்படித்தான்.” ஒரு வாரமாக.

ஆனால் அன்று மாலை நான் சந்தேகப்பட்டது இம்பெல்லரையே. அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நானேதான் அதை மாற்றியிருந்தேன். வாங்கிய உருப்படி அசல்தானா என்ற ஐயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. கியர் கம்பியின் இணைப்பை விடுவித்து, 12-ஆம் எண் ஸ்பேனரால் போல்ட்டுகளைக் கழற்றி, கியர் பெட்டியை இறக்கினேன். பம்பைத் திறந்தால் இம்பெல்லர் புதிதாகவே இருந்தது. ஆறு இதழ்களும் முழுமையாக, நுனி மழுங்காமல், வளைத்து விட்டால் உடனே நிமிர்ந்தன. உள்ளுறையில் கோடு விழவில்லை. அடித்தகட்டில் பள்ளம் இல்லை. தண்டையும் இம்பெல்லரையும் பிணைக்கும் பிறைத்துண்டு தன் இடத்தில் இருந்தது.

பழைய நிலையில் திரும்பப் பூட்டுவதற்கே அன்றைய பொழுது போயிற்று. இந்தப் பூட்டும் வேலையில் பிழை செய்து, இல்லாத கோளாறை உண்டாக்கிக்கொள்பவர்கள் பலர் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டை மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே உறையை அழுத்தினால்தான் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். தண்டின் பற்களின் பக்கங்களில் கிரீஸ் தடவலாம், உச்சியில் தடவக் கூடாது. அங்கே கிரீஸ் தேங்கினால் தண்டு முழுவதும் உள்ளே போகாது. செங்குத்துக் குழாயின் நுனி, பம்பின் மேலுள்ள ரப்பர் வளையத்துக்குள் நேராக இறங்க வேண்டும். கியர் பெட்டி கையால் தள்ளியே முழுதாகப் பொருந்த வேண்டும். ஒரு விரற்கடை இடைவெளி நிற்கும்போதே போல்ட்டைப் போட்டு இழுத்தால் குழாய் வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே நிற்கும், பம்ப் தள்ளும் நீரில் பாதி மோட்டாரின் நடுத்தண்டான காலுக்குள்ளேயே கொட்டிப்போகும்.

இரண்டாம் நாள் தெர்மோஸ்டாட். காரின் தெர்மோஸ்டாட் 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் திறக்கும். கடல்நீரால் குளிரும் சிறிய மோட்டார்களில் 50 பாகையை ஒட்டியே திறந்துவிடுகிறது. கடல்நீரை அதற்கு மேல் சூடேற்றினால் அதில் கரைந்திருக்கும் உப்புகள், குறிப்பாகச் சுண்ணாம்புச் சத்துகள், நீர்ப்பாதையின் சுவரில் படிந்து ஓடு கட்டத் தொடங்கும் என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒருமுறை நன்றாகக் காந்திய மோட்டார் அடுத்தடுத்து எளிதில் காந்துவதும் இதனால்தான்: சூட்டினால் உப்பு படிகிறது, படிந்த உப்பினால் பாதை குறுகுகிறது, பாதை குறுகுவதால் சூடு கூடுகிறது.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, பால் காய்ச்சும் பாத்திரத்தில் நீர் ஊற்றி, அடுப்பில் வைத்து, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, “அந்தப் பாத்திரம் இனி அடுப்பங்கரைக்கு வரக் கூடாது” என்று மட்டும் சொன்னாள். இதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. தெர்மோஸ்டாட்டின் மூடிக்கும் இருக்கைக்கும் இடையில் நூலைக் கடித்துப் பிடிக்கும்படி வைத்துத் தொங்கவிட்டால், அது திறக்கும் நொடியில் நழுவி நீருக்குள் விழும். அந்தக் கணத்தில் வெப்பமானியைப் படித்தால் போதும். 51-இல் விழுந்தது. குற்றமற்றது. உண்மையில் நான் இதன் மேல் பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். மூடியபடியே இறுகிப்போன தெர்மோஸ்டாட், வெளியே நீர் பாய்வதைத் தடுக்காமலே தலைப்பகுதியைக் காந்தவைக்கும். எங்கள் அறிகுறிகளுடன் அது கச்சிதமாகப் பொருந்தியது.

அதே நாளில் வேறு சிலவற்றையும் விலக்கினேன். மோட்டாரைப் பின்பலகையில் மிக உயரமாக மாட்டியிருந்தால் அலையில் படகு எழும்போதெல்லாம் நீர்த்துளைகள் வெளியே வந்து காற்றை உறிஞ்சும். புரொப்பெல்லருக்கு மேலே கிடையாக நிற்கும் தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருந்தால் கவலையில்லை. எங்களுடையது சரியாகவே இருந்தது. எங்கள் கரையில் தூரம் வரை முழங்கால் ஆழம்தான் என்பதால் மோட்டாரைப் பாதி சாய்த்து ஓட்டுகிறார்கள். அப்போது சேற்றையும் மணலையும் சேர்த்துப் பம்ப் இழுக்கிறது. பெட்ரோலில் ஆயில் குறைந்தாலும், கார்ப்புரேட்டர் அடைத்துப் பெட்ரோல் போதாமல் ஓடினாலும் சூடேறும். ஆனால் இந்தக் கலவைக் கோளாறுகள் நீர்ப்பாதையில் குறையில்லாதபோது யோசிக்க வேண்டியவை. பார்த்தேன், இல்லை, விட்டேன்.

இரவு படுத்தபோதுதான் கடலில் தெறித்த அந்த இரண்டு துளிகள் நினைவுக்கு வந்தன. மேல் சிலிண்டரில் ஆவியானது, கீழே வழிந்தது. பம்பிலோ நீர்த்துளைகளிலோ குறை என்றால் இரண்டு சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்றாகவே காந்த வேண்டும். ஒன்று மட்டும் காந்துகிறது என்றால் நீர் அதன் வீட்டு வாசல்வரை வந்து, உள்ளே போக முடியாமல் நிற்கிறது.

மறுநாள் காலையில் அதை அளந்து உறுதிசெய்ய நினைத்தேன். கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி வீட்டில் இருந்தது. மனித உடம்புக்கென்று செய்யப்பட்ட அது, மோட்டார் முன் காட்டினால் கோளாறு என்று எழுதிக்காட்டியது. பக்கத்து ஊர் ஏ.சி. மெக்கானிக்கிடமிருந்து, தொடாமல் வெப்பம் அளக்கும் துப்பாக்கி போன்ற கருவியை இரவல் வாங்கிவந்தேன். அதிலும் கவனம் தேவை. பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். இரண்டு சிலிண்டர்களின் தலையிலும் சிறிய கறுப்பு டேப் துண்டுகளை ஒட்டி, அவற்றைக் குறிபார்த்து அளந்தேன். புரொப்பெல்லர் இல்லாமல், டிரம்மில், சற்று முறுக்கி 5 நிமிடம் ஓடியபின் கீழே 54, மேலே 93. நிறுத்திவிட்டேன்.

நிறுத்துவதற்கு முன் வெளியே பாயும் நீரில் குமிழி கலந்து திக்கித் திக்கி வருகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். தலைப்பகுதிக்கும் சிலிண்டருக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட் எரிந்துபோயிருந்தால், வெடிக்கும் வாயு நீர்ப்பாதைக்குள் கசிந்து நீரைப் பின்னுக்குத் தள்ளும். வெளியே வருவது அப்படித்தான் திக்கும். எங்களுடையதில் நீர் சீராகவே வந்தது. மோட்டார் ஆறியபின் சிலிண்டர்களின் அழுத்தத்தை அழுத்தமானி மாட்டிப் பார்த்ததில் கீழே 110 பி.எஸ்.ஐ., மேலே 105. இரண்டுக்கும் இடையே பத்தில் ஒரு பங்குக்குக் குறைவான வேறுபாடு என்பதால் பிஸ்டனும் வளையங்களும் பிழைத்துவிட்டன என்று மூச்சு விட்டேன்.

தலைப்பகுதியைக் கழற்றினேன். காஸ்கெட்டில் நீர் கடந்துபோவதற்கான சிறு துளைகள் வரிசையாக இருக்கும். மேல் சிலிண்டரைச் சுற்றியுள்ள பாதையின் வாயில், உப்பும் மணலும் பூசி, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சொருகியிருந்தது. முதலில் சிப்பி என்று நினைத்தேன். குறடால் பிடித்து இழுத்தால் நீண்டு வந்தது, கழுவினால் கறுப்பு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ரப்பர்த் துண்டு.

கொட்டகையில் பழைய உதிரிகளைப் போட்டுவைக்கும் பெயின்ட் டப்பா ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் கழற்றிய பழைய இம்பெல்லர் அதில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் ஐந்து இதழ்கள் முழுமையாகவும், ஆறாவது பாதி முறிந்தும் இருந்தன. அந்த ரப்பர்த் துண்டை முறிந்த இடத்தில் வைத்தபோது, உடைந்த பல்லைத் திரும்ப ஈறில் வைத்ததைப் போல விளிம்போடு விளிம்பு சேர்ந்தது.

அன்று நடந்ததும் நினைவுக்கு வந்துவிட்டது. பழைய இம்பெல்லரைக் கழற்றிய அந்த மாலையில் முறிந்த இதழை நான் பார்த்தேன். முறிந்த துண்டு பம்புக்குள் இல்லை என்பதையும் பார்த்தேன். பம்பு தள்ளிய எதுவும் மேல்நோக்கித்தான் போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது, மறுநாள் எங்கள் முறை, மாப்பிள்ளை அவசரப்பட்டார். புது இம்பெல்லரைப் போட்டு ஓட்டியதும் நீர் கனமாகப் பாய்ந்தது. சரி, துண்டு எப்போதோ வெளியே போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது குழாயின் வளைவிலோ புகைப்பாதையின் மூலையிலோ தங்கியிருந்து, இரண்டு மாதம் அலையிலும் அதிர்விலும் நகர்ந்து, மணலைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு உச்சிக்கு வந்து வழியை அடைத்திருக்கிறது. மெதுவாக ஓடும்போது அதன் ஓரமாகக் கசியும் நீரே போதுமானதாக இருந்திருக்கும். வேகம் எடுத்ததும் போதவில்லை. இப்போதெல்லாம் பழைய இம்பெல்லரைக் கழற்றினால் முதலில் இதழ்களை எண்ணுகிறேன். துண்டு குறைந்தால், குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்து, தெர்மோஸ்டாட் மூடியையும் திறந்து, துண்டு கைக்கு வரும்வரை புது இம்பெல்லரின் உறையைப் பிரிப்பதில்லை.

மிச்ச வேலை நீண்டது, சொல்வதற்குக் குறைவு. நீர்ப்பாதையில் படிந்த உப்பு ஓட்டை மரக்குச்சியால் சுரண்டி, வினிகர் ஊற்றி ஊறவைத்து, மீண்டும் சுரண்டினேன். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றினால் நொடியில் போய்விடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். உப்போடு சேர்த்து அலுமினியத்தையும் அது தின்றுவிடும். தலைப்பகுதி கோணியிருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை நிறுத்தி, இடைவெளித் தகடுகளைச் செருகிப் பார்த்ததில் 0.05 மில்லிமீட்டர்த் தகடு ஓரிடத்தில் நுழைந்தது, 0.1 நுழையவில்லை. 0.1-ஐத் தாண்டியிருந்தால் புதுத் தலைப்பகுதி வாங்க வேண்டியிருந்திருக்கும். தடித்த கண்ணாடியின் மேல் 400-ஆம் எண் உப்புத்தாளை விரித்து, அதில் தலைப்பகுதியை எட்டு போட்டதைப் போலத் தேய்த்துச் சமப்படுத்தினேன். புது காஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு சுற்றில் இறுக்கினேன். காஸ்கெட்டும் வினிகரும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தன. இழந்த நாள்களின் கணக்கு வேறு.

மூன்றாம் நாள் மாலை டிரம்மில் கீழே 52, மேலே 55. அடுத்த முறை வந்த நாளில் மாப்பிள்ளையோடு நானும் போனேன். வலை கிடந்த இடம்வரை முழு வேகத்தில் முறுக்கிக்கொண்டே போகச் சொல்லி, கருவியை மடியில் வைத்துக்கொண்டு, 10 நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கி அளந்தேன். மேல் சிலிண்டர் 58-ஐத் தாண்டவில்லை. அவர் பின்பக்கம் பாயும் நீரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். வலையை இழுத்தோம். பாதி வலையைச் சித்தப்பா மகன் தன் படகில் வந்து முன்பே எடுத்து வைத்திருந்தான். எஞ்சியதில், அத்தனை நாள் கிடந்ததால், சிக்கியிருந்த நண்டெல்லாம் செத்து வெறும் ஓடாகத் தொங்கியது. உயிரோடு இருந்தவை ஏழு.